பெம்பானில் இறங்கிய புறா

நான் கல்லூரிப் பக்கம் போனவனில்லை. மலாக்காவில், புக்கிட் ரம்பாய் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் வேலை பார்த்தபடியே, இணைய வீடியோக்களைப் பார்த்துத் தட்டுத்தடுமாறி புரோகிராமிங் கற்றுக்கொண்டேன். பெரிய கம்பெனி எதுவும் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டவர்கள் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள், சண்டை மீன் வளர்ப்பவர்கள், புறாப் பந்தயக்காரர்கள். எனக்கும் அவர்களைத்தான் பிடித்திருந்தது.

புறாப் பந்தய மென்பொருள்தான் என் முதல் வேலை. வடக்கே தூரத்தில் இருக்கும் ஈப்போ பக்கத்தில் எல்லாப் புறாக்களையும் ஒரே நேரத்தில் பறக்க விடுவார்கள். ஒவ்வொன்றும் தன் கூண்டுக்குத் திரும்பும். கூண்டு வரைக்குமான தூரத்தைப் பறந்த நேரத்தால் வகுத்தால் வேகம்; வேகம் கூடியது ஜெயிக்கும். மூன்று வருடம் ஒரு புகாரும் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. ஆனால் ஒரு புறா வீடு திரும்பி நான் பார்த்ததே இல்லை.

அதைப் பார்க்கும் ஆசையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தயச் சங்கத்து உறுப்பினரான காதர் மாமாவோடு பெம்பானுக்குப் போனேன். அவருக்கு ஆயர் குரோவில் மளிகைக் கடை. புறாக்கள் மட்டும் பெம்பானில், தங்கை வீட்டுப் பின்புறம். என் மென்பொருள் வந்த நாளிலிருந்து அவருக்குக் கடைசி வரிசைதான். தீனியை மாற்றினார், மருந்து கொடுத்தார், ஒன்றும் நடக்கவில்லை. இந்தப் பந்தயத்தோடு எல்லாப் புறாக்களையும் யாருக்காவது கொடுத்துவிடப் போவதாக வழியிலேயே சொன்னார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செம்பனை மரங்களுக்கு மேல் மேகம் நகர்வதே தெரியவில்லை. முதலில் கண் கூசியது, பிறகு பழகிவிட்டது. பேச்சும் குறைந்துபோனது. வினாடி சுத்தமாக நேரம் கணக்கிடும் மென்பொருளை எழுதிய நான், மணி என்ன என்பதையே மறந்துவிட்டேன். தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. அது மெல்லச் சிறகானது. சாம்பல் நிறப் பெட்டை ஒன்று சத்தமில்லாமல் வந்து கூண்டுப் பலகையில் இறங்கியது.

அதன் கால் வளையத்தைக் கூண்டு வாசலில் இருந்த மெஷின் படித்தது. கைப்பேசியில் முடிவு வந்தது: கடைசிக்கு முந்தைய இடம்.

"புறாதான் சரியில்ல," என்றார் மாமா. "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது லா."

சும்மா வரைபடத்தைத் தட்டிப் பார்த்தேன். அதில் அவருடைய கூண்டு ஆயர் குரோவில் இருந்தது. உறுப்பினர் படிவத்தில் அவர் கடை முகவரியைக் கொடுத்திருந்தார். கூண்டு எங்கே என்று நான் கேட்கவே இல்லை. அவர் புறாக்கள் மூன்று வருடமாக ஆயர் குரோவையும் தாண்டிப் பெம்பான் வரை பறந்திருக்கின்றன. அந்தக் கூடுதல் தூரம் என் கணக்கில் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெட்கமாக இருந்தது. மாமாவிடம் சொல்லிவிட்டேன். அங்கேயே திருத்தியதும் அவர் பெயர் இரண்டாம் இடத்துக்கு ஏறியது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. பெட்டையை இரண்டு கையாலும் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"மூணு வருசமா நீ வந்து எறங்குறப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேனேம்மா," என்றார்.

அன்றே சங்கத்தில் எல்லோருக்கும் உண்மையை எழுதினேன். பழைய முடிவுகளையும் திருத்தினேன். பலர் திட்டினார்கள். இப்போதெல்லாம் யார் வேலை கொடுத்தாலும், கணினியைத் திறக்கும் முன் அவர்கள் இடத்தில் போய் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். காதர் மாமா மட்டும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.