சம்பந்திக்குத் தெரியாத கிட்னி

தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டர் ஒன்றில் வேலை பார்த்தேன். நரம்பில் மருந்து ஏற்றிப் படம் எடுக்கும் முன், கிட்னியில் கோளாறு உண்டா என்று கேட்பது என் பொறுப்பு. எங்களிடம் இரண்டு விதமான மருந்து இருந்தது. ஒன்று எல்லோருக்கும் போடுவது. கிட்னி பழுதானவர்களுக்கு அதைவிடச் சாதுவான இன்னொன்று. அதையும் டாக்டர் அளவு பார்த்துத்தான் போடுவார்.

ஆனால் நம் ஊர்க்காரர்களிடம் உண்மையை வாங்குவது லேசுப்பட்ட காரியமா? கூட ஆள் இருந்துவிட்டால் எல்லோருக்கும் இரும்பு உடம்புதான்.

ஒருநாள் முக்கூடலிலிருந்து வாழைத்தார் வியாபாரி ஒருவர் வயிற்றில் கட்டி என்று வந்தார். காரில் கூட்டி வந்தவர் அவருடைய சம்பந்தி. வியாபாரியின் மகளுக்கு நிச்சயம் முடிந்து, கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வழக்கம்போலக் கேட்டேன்.

"நமக்கு ஒரு கோளாறும் கெடையாது தாயி. கல்லத் தின்னாலும் செரிக்கும்" என்றார்.

நான் கிட்னியைக் கேட்டால் இவர் வயிற்றைச் சொல்கிறார். குனிந்து பார்த்தேன். கிட்னி பழுதானவர்களுக்கு வீங்குவதுபோல, செருப்பு வார் பதிந்து பாதம் வீங்கியிருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சம்பந்தியைக் காப்பி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. மருந்து தப்பாப் போச்சுன்னா இருக்கிற கிட்னியும் போயிரும். கல்யாணப் பந்தல்ல நிக்கணுமா, வேண்டாமா?"

அவர் வேட்டி மடிப்பிலிருந்து, நாலாக மடித்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்தார். கிட்னி பழுதைக் காட்டும் கிரியாட்டினின் கூடியிருந்தது. "சீக்காளி வீட்டுப் பொண்ணு வேண்டாம்னுருவாகளோன்னு பயம் தாயி" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகத் திட்டாமல் விடவில்லை.

சீட்டைப் பார்த்த டாக்டர் சாதுவான மருந்தையே எடுக்கச் சொன்னார். அதற்கு முன் சலைன் ஏற்றவும் சொன்னார். அது பாதி இறங்கும்போது சம்பந்தி திரும்பி வந்து பாட்டிலைப் பார்த்தார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

"வெயிலுக்குத் தெம்பா இருக்கட்டும்னு ஏத்துதோம்" என்று என் பங்குக்கு நானும் ஒரு பொய் சொன்னேன்.

சம்பந்தி நாற்காலியை இழுத்துக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தார். "நிச்சயத்தன்னைக்கு உப்புக்குப் பயந்து அப்பளம், ஊறுகா ஒண்ணையும் தொடாம எலைய மூடுனீரே, அது எங்க கண்ணுல படலன்னா நெனச்சீரு? அதுக்குத்தான் வே இன்னைக்கு நானே காரெடுத்துட்டு வந்தேன்."

அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"பைய ஏத்தும்மா. எங்களுக்கு அவசரமில்ல."