ஒரே வட்டம், இரண்டு நிறம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓசூர் ஃபேக்டரிகளில் டச் ஸ்கிரீன் வர ஆரம்பித்தது. நான் ஓட்டிய, இரும்புத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸுக்கும் ஒன்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை.

எங்கள் லைனில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் புழங்கும். எந்த மொழியில் எழுதினாலும் யாராவது முகம் சுளிப்பார்கள் என்று ஸ்கிரீனில் எழுத்தே வைக்கவில்லை. நடுவில் ஒரு வட்டம், அவ்வளவுதான். சிவப்பு என்றால் பிரஸ் பூட்டியிருக்கிறது, பச்சை என்றால் அடிக்கத் தயார். "கண்ண மூடிட்டு ஓட்டலாம்" என்றார் சூப்பர்வைசர்.

எனக்குப் பிறவியிலேயே அந்த இரண்டு நிறமும் ஒன்றுதான். பழைய மெஷினில் மேல் விளக்கு எரிந்தால் நிறுத்து, கீழ் விளக்கு எரிந்தால் ஓட்டு. நிறமே பார்க்க வேண்டாம். இப்போது வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்து, மோட்டார் சத்தத்தை வைத்தே ஒப்பேற்றினேன்.

தகடு அடிக்கும் அச்சான டையை மாற்றும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைப் பொருத்தும் செட்டர் உள்ளே கை விடுமுன் குரல் கொடுப்பார், ஆபரேட்டர் ஸ்கிரீனைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அன்று செட்டர் முனிராஜ், தளிப் பக்கத்துக் கன்னடக்காரர். பக்கத்து பிரஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்ததால் எது எந்த மெஷினின் சத்தம் என்றே புரியவில்லை.

"அண்ணா, செவப்புதானே?"

பார்த்தேன். மண் நிறத்தில் ஒரு வட்டம். முனிராஜின் விரல்கள் டை அருகே போயிருந்தன.

"கைய எடு முனிராஜு. எனக்குத் தெரியல."

"எதிர்லதானே அண்ணா இருக்கு?"

"செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுதான்."

சூப்பர்வைசர் என்னை ஆபீசுக்கு இழுத்துப்போனார். "இத்தன நாளா சொல்லாம ஒருத்தன் கையோட வெளையாடியிருக்கியே." மூக்கண்டப்பள்ளி வீட்டில் பெண்டாட்டியிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி நின்றேன். ஸ்கிரீனைச் செய்த இன்ஜினியர் மேடமும் அங்கே இருந்தார்.

"பழைய மெஷின எப்படிங்க ஓட்டினீங்க?"

சொன்னேன். அந்த வாரமே சிவப்பு மேலே போய், தடுக்கும் உள்ளங்கைப் படமாகிவிட்டது. பச்சை கீழே வந்து அம்புக்குறியானது. என்னையும் வெளியே அனுப்பவில்லை.

முனிராஜ் அதைப் பார்த்துச் சொன்னார்: "இப்பதான் அண்ணா எனக்கும் தெரியுது. ஷட்டர் கதவு வழியா வெயில் அடிச்சா அந்த வட்டம் வெளுத்துப்போகும். எட்டிப் பாத்தாலும் ஒண்ணும் தெரியாது. இத்தன நாளும் நீங்க சொன்னத நம்பித்தான் கைய விட்டேன்."

ஸ்கிரீன் செய்யும் பிள்ளைகளே, பலருக்குச் சுலபம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதைப் பார்க்க முடியாத ஒருவன் சொல்லும் பதிலை நம்பி, இன்னொருவன் உள்ளே கை விடுவான்.