பேய்த் துரை நடந்த மலை

நாகலெட்சுமி டயகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபத்தாறு வருஷமாகக் கொழுந்து பறிப்பவள். அவள் வாய்க்குப் பயந்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவே அளந்துதான் பேசுவார். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படம் காட்டியது கொழும்புக்காரர்கள் செய்த தப்பு.

ஏதோ பழைய இங்கிலீஷ் நாவலைத் தமிழில் எடுக்கிறோம் என்று போன வருஷம் இதே தோட்டத்துக்கு வந்தவர்கள் அவர்கள். செத்துப்போன துரை கல்லறையிலிருந்து எழுந்து வந்து ஆட்களைக் கொல்லும் கதை. ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் திரை கட்டி அதைப் போட்டுக் காட்டினார்கள். படமா அது. பேய்த் துரை கொன்ற நேரத்தைவிட ஜன்னலோரம் நின்று அழுத நேரம்தான் அதிகம். இடுப்பளவு தேயிலைக்குள் புகுந்து நடந்தும் அவருடைய கறுப்பு அங்கியில் ஒரு நூல் பிரியவில்லை. கதாநாயகியோ கொழுந்தை விட்டுவிட்டு முற்றின இலையைக் கிளையோடு ஒடித்துக் கூடையில் போட்டாள்.

"அவள ஒரு நாள் எங்கூட நெரயில விடணும். பேயே தேவலாம்னு அதுகிட்ட ஓடிருவா" என்றாள் நாகலெட்சுமி, பக்கத்திலிருந்த பிரியந்தியிடம்.

பிறகு நாகலெட்சுமியே திரையில் வந்தாள்; கொழுந்து பறிக்கும் கூட்டத்தில் அவளையும் நடிக்க வைத்திருந்தார்கள். பேயைக் கண்டு மற்றப் பெண்கள் அலறி ஓட, அவள் மட்டும் இடுப்பில் கட்டியிருந்த முரட்டுப் படங்குத் துணியை அவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு குப்புறப் படுத்துவிட்டாள். மண்டபமே சிரித்தது. குளவி கலைந்தால் அப்படித்தான் படுக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் பன்னிரண்டாம் நம்பர் மலையில் அவள் தங்கச்சி இந்திராதேவி குளவிக்குப் பயந்து ஓடித்தான் கொட்டுப்பட்டுச் செத்தாள். ஷூட்டிங்கில் ஓடச் சொல்லி டைரக்டர் ஒன்பது தடவை கத்தியும் நாகலெட்சுமிக்குக் கால் எழவில்லை.

குளவிக்கூடுகளை எடுக்கச் சொல்லி அவள் ஆபீசுக்கு எத்தனை தடவை நடந்திருப்பாள். "பார்ப்போம்" என்றார்கள். ஏழாம் நம்பர் மலையில் ஷூட்டிங் என்றதும், பேயாக நடிப்பவரைக் கொட்டிவிடுமே என்று ஒரே நாளில் அங்கிருந்த கூட்டை எடுத்தார்கள்.

படம் முடிந்ததும் உதவி டைரக்டர் சதீஸ்குமார் மைக்கை நீட்டினார். "படம் எப்படிக்கா? பயமா இருந்துச்சா?"

"பாவமாத்தான் இருந்துச்சு தம்பி. இந்தக் குளிருல ஒரு ஸ்வெட்டர்கூடக் குடுக்காம அந்தாள அழ விட்டிருக்கீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டாம் பாகம் எடுப்பீங்களா?"

சதீஸ்குமாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவு பிடிச்சிருக்காக்கா?"

"எடுத்தா பன்னெண்டாம் நம்பர் மலையில எடுங்க. அந்தக் கூடு இன்னும் அப்பிடியே தொங்குது. நாளைக்கு எங்களுக்கு அங்கதான் கொழுந்து."