அடுத்த தெருவுக்கு ஒரு சுற்றுலாத் திட்டம்

எங்கள் ஊர் கொரிட்சியாவில் நாங்கள் இருக்கும் பாதி இத்தாலியில் இருக்கிறது, மறு பாதி ஸ்லொவேனியாவில். நடுவில் இருந்த வேலியை எடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய் பெட்ரோல் போட்டு வந்தாலும் தண்ணீர் கொதித்திருக்காது. ஆனால் மேல்வீட்டு சில்வானோ அண்ணனுக்கு அது பெரிய வெளிநாட்டுப் பயணம். அதற்குத் திட்டம் போட்டே அவருடைய ஓய்வுக்காலம் கழிந்துகொண்டிருந்தது.

வசந்தம் வந்தால் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரிப்பார். முதலில் குன்றின் மேலுள்ள மடம், அதன் நிலவறையில் பிரான்சை விட்டு ஓடிவந்த மன்னரின் கல்லறை. பிறகு சோல்கான் கல் பாலம், அப்புறம் சாப்பாடு. பென்சிலால் கோடு போடுவார், அழிப்பார், மடத்தைப் பாலத்துக்குப் பின்னால் தள்ளுவார். எல்லாம் முடிவானதும் முழங்கால் வலி வந்துவிடும். அது சரியானால் காற்று பலமாக வீசும்.

"நிலாவுக்குப் போனவங்ககூட இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டாங்க," என்பாள் அவர் மனைவி மிலோய்கா. "அந்த மடம் நம்ம பால்கனியிலேர்ந்தே தெரியுது. நீங்க கையைக் காட்டினா சாமியாரும் திருப்பிக் காட்டுவாரு."

"போனா முறையாப் போகணும். உனக்கென்ன தெரியும்," என்பார்.

முழங்காலும் காற்றும் வெறும் சால்ஜாப்பு. அந்தப் பக்கம் யூகோஸ்லாவியாவாக இருந்த காலத்தில் அவர் எங்கள் பக்கத்து எல்லைச் சாவடியில் சுங்கக் காவலர். அந்தப் பக்கத்துப் பெண்கள் அங்கே மலிவாகக் கிடைத்ததை இங்கே கொண்டுவந்து விற்பார்கள். அளவுக்கு மேல் போனால் பறிமுதல்.

"என் வரிசையில ஒருத்திகூட மாட்டினதில்ல, நெரீனா," என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "கொண்டுவரவே பயம். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு நிப்பேன்ல."

பிறகு ஒருநாள் படிக்கட்டில் நின்றபடி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அவங்க பொழைப்புல மண்ணைப் போட்டவன் நான். எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அங்க போய்ச் சுத்திப் பாக்குறது? எவளாவது நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேட்டா?" எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

இந்த வருஷம் மிலோய்கா பொறுமையிழந்தாள். "நீங்க கோடு போட்டுக்கிட்டே இருங்க. நான் நெரீனாவோட போறேன்." வேறு வழியில்லாமல் அவரும் என் காரில் ஏறினார். தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தார். மடத்து நிலவறையில் மன்னரின் கல்லறையை விட்டுவிட்டு, வந்திருந்த கிழவிகளின் முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோல்கானில் ஒரு சாப்பாட்டுக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அம்மா த்ராகித்சா சூப்பை வைத்துவிட்டு நகராமல் நின்றாள்.

"தொப்பியைக் கழட்டுங்க சார்."

கழற்றினார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

"அவரேதான். சாவடியில நின்னவரு," என்றாள்.

"நான் என் வேலையைத்தாம்மா செஞ்சேன்," என்றார் அவசரமாக.

"நீங்க எங்க சார் செஞ்சீங்க? உங்க வரிசையில இடம் பிடிக்க நாங்க அடிச்சுக்குவோம்."

சில்வானோ கரண்டியை வைத்தார். "நான் எல்லார் பையையும் திறந்து பாத்தேனே."

"பையைத்தான பாத்தீங்க. நான் பையைத் திறக்கறப்ப என் குழந்தையை யார் வச்சிருந்தா?"

அவர் யோசித்தார். "நான்தான். பாவம், ஒத்தைக் கையால நீ எப்படித் திறப்பேன்னு வாங்கிக்குவேன்."

"வாங்கிக்கிட்டு, 'நல்ல கனமா இருக்கானே'ன்னு வாரா வாரம் மெச்சுவீங்க. கனமெல்லாம் பன்னி இறைச்சி சார். துணியில சுத்தி அவன் மேலயே கட்டியிருப்பேன்."

பக்கத்து மேசைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அவர் முகத்தைப் பார்க்கும் வரை. ஆயுசுக்கும் சேர்த்து வைத்த பெருமை சூப் ஆறுவதற்குள் போய்விட்டது. அவர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இது தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை வறுவல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்சீங்க?" என்றாள் மிலோய்கா. பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேலைக்குப் போய்ட்டு வர்ற மனுஷன் நெஞ்சை நிமித்திக்கிட்டு வரட்டுமேன்னுதான் சொல்லல."

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை.

அதற்குள் த்ராகித்சா சமையலறைப் பக்கம் திரும்பி, "போயான், இங்க வா, உன்னைத் தூக்கினவர் வந்திருக்காரு," என்று கூப்பிட்டாள். தட்டுகளோடு வந்தவனுக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். விறகுக்குச்சி மாதிரி இருந்தான்.

சில்வானோ எழுந்து நின்றார். சாவடியில் பையைப் பார்த்த அதே கண்ணால் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இறைச்சியையெல்லாம் எங்களுக்கே வித்துட்டா புள்ள எப்படித் தேறுவான்?" என்றார் த்ராகித்சாவிடம். "இனிமேலாவது இவனுக்குப் போடும்மா."