முன்னால் நடந்த விவசாயி

மூன்றாம் வகுப்பில் அன்று நெல் பாடம். நடவைப் பற்றிய கார்ட்டூன் வீடியோ ஒன்றை வீட்டிலேயே இரண்டு முறை பார்த்து வைத்து, வகுப்பு டிவியில் போட்டேன். விவசாயி ஒருவர் பாடிக்கொண்டே நாற்று நட்டபடி முன்னேறினார். முன்வரிசைச் சிறுமி எழுந்துவிட்டாள்.

"டீச்சர், அவரு முன்னாடி போறாரு. நட்டதையெல்லாம் மிதிச்சிருவாரே! எங்கம்மா பின்னாடி நகந்துக்கிட்டேதான் நடுவாங்க."

சொன்னதோடு நிற்காமல் குனிந்து, பின்னால் நகர்ந்தும் காட்டினாள். வகுப்பே அவளோடு குனிந்து சுவர்வரை நகர்ந்தது.

படம் வரைந்தவன் வயலைப் பார்த்ததே இல்லையா என்று திட்ட வாயெடுத்தவள், வீடியோவை நிறுத்தினேன். பாபநாசம் பக்கத்து வயல்களில் நடவு நட்டே என்னை டீச்சராக்கியவள் என் அம்மா. அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்து, நன்றாக இருக்கிறது என்று எடுத்துவந்தவள் நான்.