மேல்காற்று அடிக்கும் தெரு

பால்வாடி டீச்சர் என்றால் கஞ்சி ஊற்றுகிறவள் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஃபாக்டரியின் மதிலை ஒட்டிய தெருவில் நான் நடத்தியதைப் போல் சுத்தமான பால்வாடி அந்த ஒன்றியத்திலேயே கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சூப்பர்வைசர் அம்மா வந்தால் தரையில் விரலைத் தேய்த்துப் பார்த்துவிட்டு, மற்ற டீச்சர்களிடம் போய் என்னை உதாரணம் காட்டி அவர்களைத் திட்டுவார்.

அரியலூரைத் தனி மாவட்டமாக்கி, கொஞ்ச நாளிலேயே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்ட காலம் அது. ஃபாக்டரி தனக்கு வேண்டிய கரண்டைத் தானே நிலக்கரி எரித்துத் தயாரிக்க ஆரம்பித்திருந்தது. புகைபோக்கிக்கு மேற்கே ஆபீசர்களின் குவார்ட்டர்ஸ். வேப்பமரம், புல்தரை, கண்ணாடி ஜன்னல். கிழக்கே ஓட்டு வீடும் கூரை வீடுமாக நாங்கள். ஆடி பிறந்துவிட்டால் மேற்கே இருந்து மேல்காற்று. சாம்பல் முழுக்க எங்கள் தலையில்தான். குவார்ட்டர்ஸ்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கட்டும்போதே காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று அவர்களுக்காக யாரோ யோசித்திருக்கிறார்கள். எங்களுக்காக யோசிக்க ஆளில்லை.

ஆடியில் பால்வாடிக்குப் பாதிப் பிள்ளைகள் வராது. ரிஜிஸ்டரில் 'சளி, இருமல்' என்று எழுதிவிட்டு, அம்மாக்களைப் பிடித்துத் திட்டுவேன். ஐஸ் வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், தலையைத் துவட்டியிருக்க மாட்டீர்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

அந்த அம்மாக்களில் ஒருத்தி, நிலக்கரி கொட்டும் யார்டில் பெருக்குகிற கான்ட்ராக்ட் வேலைக்காரி. ஒல்லியான உடம்பு, அதிகம் பேசமாட்டாள். அவளுடைய நாலு வயது மகளுக்கு இழுப்பு. ஃபாக்டரி ஆஸ்பத்திரி நடந்தால் ஐந்து நிமிஷம். இழுப்புக்கு மருந்துப் புகை வைக்கிற மிஷின் அங்கே இருப்பதாக, அந்த ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கும் ஆயா சொல்லியிருந்தாள். ஆனால் அது பெர்மனென்ட் ஆட்களின் குடும்பத்துக்கு மட்டும். இவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்கு பஸ் ஏறவேண்டும். ஒருநாள் பஸ் வரவில்லை. ஸ்டாப்பிலேயே பிள்ளையின் உதடு கருநீலமாகிவிட்டது. யாரோ ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனதால் பிழைத்தது. இன்னொரு முறை லாரி வருமா என்பதுதான் அவளுடைய பயம். அப்புறம் என்னுடையதும்.

சாம்பலால்தான் பிள்ளைகளுக்கு இழுப்பு, உங்கள் ஆஸ்பத்திரியிலேயே பாருங்கள் என்று மனு கொடுத்தோம். ஃபாக்டரி ஆபீசர் சிரித்தாராம். வருஷாவருஷம் ஆகஸ்ட் பதினைந்துக்குப் பால்வாடியில் மிட்டாயும் சிலேட்டும் கொடுக்க நான்தானே வருகிறேன், தெருவே பளிச்சென்று இருக்கிறதே, சாம்பல் எங்கே என்று கேட்டாராம்.

அவர் சொன்னது பொய் இல்லை. பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாங்கள் விடியுமுன் எழுந்து கூரையிலிருந்து முருங்கை இலை வரை தண்ணீர் அடித்துக் கழுவுவோம். அவர் கார் திரும்புகிற வரை ஒருத்தி மாற்றி ஒருத்தி பெருக்கிக்கொண்டே இருப்போம். எங்கள் வழக்கை நாங்களே கழுவி ஊற்றிக்கொண்டிருந்தோம்.

இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அந்த யார்டு வேலைக்காரிதான். இந்தத் தடவை யாரும் விளக்குமாற்றைத் தொடக்கூடாது என்று தெருப் பெண்களைக் கூட்டிச் சொன்னாள். வருகிறவர் காறித் துப்பமாட்டாரா என்று சிலர் இழுத்தார்கள். கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

ஆட்டினேனே தவிர, பதினைந்தாம் தேதி காலை கை கேட்கவில்லை. ஆறு மணிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, பால்வாடியைப் பெருக்கித் துடைத்துவிட்டேன். சுத்தக்காரி என்ற பெயர் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது எனக்கு. வெளியே வரும்போதுதான் அவளுக்குத் துரோகம் செய்துவிட்டது உறைத்தது.

பத்து மணிக்கு ஆபீசர் வந்தார். வாசலிலிருந்து நாற்காலி வரைக்கும் சாம்பலில் அவருடைய ஷூ தடம் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தது. திரும்பிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், இன்னிக்குப் பெருக்கலையா?"

ஆமாம், ஒரு வாரமாகவே பெருக்கவில்லை என்று நான் சொல்லவேண்டும், அப்படித்தான் பேசிவைத்திருந்தோம். வாயில் வரவில்லை.

"ஆறு மணிக்குப் பெருக்கித் தொடைச்சேன் சார். இப்ப மணி பத்து."

தெருப் பெண்கள் என்னையே பார்த்தார்கள். ஆபீசர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் யார்டு வேலைக்காரி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அழவில்லை, கும்பிடவில்லை. மனிதரை நேராகப் பார்த்துப் பேசினாள்.

"இந்தத் தெருப் புள்ளைங்கள ஒங்க ஆஸ்பத்திரில பாக்கணும் சார். எம் புள்ளைய மட்டுமில்ல."

அவளை அப்படிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட பெருமை, பெற்றவளுக்குக்கூட இருந்திருக்காது.

ஆவணி பிறந்து ஒரு வாரத்தில் உத்தரவு வந்தது. பால்வாடி டீச்சர் கையெழுத்துப் போட்ட சீட்டோடு வந்தால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வைத்தியம். புகைபோக்கி பழையபடியே இருந்தது. அதை ஜெயித்ததாக நான் பீற்றிக்கொள்ளமாட்டேன். ஆனால் முதல் சீட்டை எழுதியபோது மாவட்டக் கலெக்டரே கையெழுத்துப் போடுவதுபோல் நிதானமாகப் போட்டேன்.

அன்று அவளோடும் மகளோடும் நானும் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு. அலமாரியைத் திறந்து மிஷினை எடுத்து, அதன்மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைக் கிழித்தார். புதுசா என்று கேட்டேன். இல்லை, வந்து ரொம்ப நாளாயிற்று, குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் யாருக்கும் தேவைப்படவில்லை என்றார்.

என்னென்னவோ கேட்க வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள். மகளின் முகத்தில் மிஷினின் மூடியை அழுத்திப் பிடித்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்க புள்ளைங்களுக்குன்னுதான் வாங்கி வச்சிருக்காங்க டாக்டரம்மா. சொல்லத்தான் மறந்துட்டாங்க."