டகோட்டாவை வெட்டிய ஜவ்பர் நானா

செய்தி குரல்பதிவாக வந்தது. மாத்தளைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜவ்பர் நானாவின் மகன் ரிஸ்வான் போட்டிருந்தார். "வாப்பா மௌத்தாகிட்டாங்க. லக்கலயில நெல்லு வெட்டுற மெசின் திருத்தப் போன எடத்துல யானை அடிச்சிட்டு. அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

அப்பா இரண்டு முறை கேட்டார். பிறகு எழுந்து சட்டை மாற்றினார்.

இந்த ஊரில் பலருக்கு அவரை ஒரே ஒரு காரியத்துக்காகத்தான் தெரியும். ஏழு ஆண்டுகளுக்கு முன், சீகிரியா ஓடுபாதையில், ஒரு விமானத்தைக் கோடரியால் வெட்டினார். அவரை அறியாதவர்களும் அந்தக் காணொளியை அறிவார்கள்.

அதை எடுத்தது நான்தான்.

அவரும் அப்பாவும் விமானத் திருத்துநர்கள். ஒரு சிறு தனியார் நிறுவனத்தில் இருபது ஆண்டுகள், ஒரே அறையில் தங்கி வேலை செய்தார்கள். நிறுவனத்திடம் ஒரு டகோட்டா விமானம் இருந்தது. வால் தரையில் கிடக்க, மூக்கு வானம் பார்க்கும் பழைய ரகம்.

ஜவ்பர் நானா மென்மையானவர் அல்லர். ஒருமுறை, அரித்த தகட்டின் மேல் வண்ணம் பூசி மறைத்த ஒருவரின் கையைப் பிடித்து, அவருடைய விரலாலேயே அந்த இடத்தைக் குத்தினார். விரல் உள்ளே போனது. இரத்தம் வந்தது. "இப்ப ஒனக்கு வெளங்கும்" என்றாராம். அப்பா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பறக்கலாம் என்று கையொப்பமிட்ட திருத்துநரும் அந்தப் பறப்பில் ஏறவேண்டும். எந்தச் சட்டத்திலும் இல்லாதது. "சைன் வச்சவனுக்குக் கீழ நிண்டு கை காட்ட ஏலா" என்பார் ஜவ்பர் நானா.

டகோட்டாவை ஓய்வுக்கு அனுப்ப முடிவாயிற்று. சீகிரியாவிலிருந்து விருந்தினர்களுடன் ஒரு கடைசிச் சுற்று. முந்தைய மாலை விமானம் சீகிரியாவுக்கு வெறுமையாக வந்தது. கையொப்பமிட்ட ஜவ்பர் நானா மட்டும் பின்னால் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது சில்லுகள் தரையில் பலமாக மோதின.

அதனால்தான் காலையில் இறக்கையின் கீழே படுத்தார். இறக்கையை உடலோடு பிணைக்கும் தகட்டில் சிவப்புச் சாயம் பூசி, துடைத்து, வெள்ளைத் தூள் தெளித்தார். வெடிப்பு இருந்தால், உள்ளே புகுந்த சாயம் தூளின் மேல் மெல்லக் கசியும். பத்து நிமிடமாவது காத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தார். ஒரு சிவப்புக் கோடு வந்தது.

அவர் கையொப்பமிட மறுத்தார். நிறுவனம் அப்பாவை இன்னொரு முறை பார்க்கச் சொன்னது. நான் உட்பட விருந்தினர்கள் ஏறி உட்கார்ந்திருந்தோம். உள்ளே வெக்கை. அப்பா சாயம் பூசினார், தூள் தெளித்தார், உடனே பார்த்தார். ஒன்றுமில்லை. துடைத்துவிட்டார். கையொப்பமிட்டார்.

திறந்த கதவு வழியே எனக்குக் கேட்டது.

"ராசு, நீ பாக்கல்ல. தொடச்சிட்ட."

"ஒண்ணும் இல்லங்க நானா. எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"ஒன்ட மகள் உள்ள இரிக்கா."

"நானுந்தானே ஏறப்போறேன்."

ஜவ்பர் நானா தீயணைப்புப் பெட்டியை உதைத்து உடைத்தார். கோடரியோடு இறக்கையிடம் வந்தார். முதல் வெட்டின் அதிர்வு என் இருக்கைக்குக் கீழே வந்தது. தகடு கிழிந்து சுருண்டது. ஒருவர் கத்தினார். நான் கைபேசியை எடுத்தேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

அப்பா கையில் ஸ்பேனர் இருந்தது. அதைக்கொண்டு ஜவ்பர் நானாவின் முகத்தில் அடித்தார். தாடை உடைந்தது. ஜவ்பர் நானா விழுந்தார். எழுந்தார். வாயிலிருந்து பற்களையும் இரத்தத்தையும் துப்பிவிட்டு, இன்னும் இரண்டு வெட்டு வெட்டினார். அதன் பிறகுதான் கோடரியைக் கீழே போட்டார்.

பைத்தியம் என்றார்கள். சிறை. உடைந்த தாடை கோணலாகவே பொருந்தியது. பிறகு பலாபத்வலயில், வீதியோரம், உழவு இயந்திரங்கள் திருத்தும் ஒரு கராஜ். எவரோ சிரிப்பு ஒலி சேர்த்த என் காணொளி ஊரெல்லாம் சுற்றியது. பல ஆண்டுகள் கழித்தே அதை நான் முழுதாகப் பார்த்தேன். எரிபொருள் தொட்டிகள் உடலுக்கு அருகே இருக்கின்றன. அவர் அங்கே ஒரு வெட்டும் போடவில்லை. இறக்கையின் நுனிப்பக்கம் மட்டுமே வெட்டினார். பறக்க முடியாதபடி. தீப்பிடிக்காதபடி.

டகோட்டா அதன்பின் பறக்கவில்லை. இருந்த இடத்திலேயே துண்டாக்கினார்கள். ஆக, அதன் கடைசிப் பறப்பு அந்த வெறும் மாலைப் பறப்புதான். அதில் சென்ற ஒரே பயணி அவர்.

அடக்கத்துக்குப் போகும் வழியில், முச்சக்கரவண்டியில், அப்பா சொன்னார். விமானத்தைத் துண்டாக்கிய நாளில், ஆட்கள் வருமுன், அப்பாவே மறுபடி சாயம் பூசியிருக்கிறார். இம்முறை காத்திருந்தார். கோடு வந்தது. ஒரு சாண் நீளம்.

"ஏம்ப்பா சொல்லல?"

"அடிச்சிட்டேனே" என்றார்.

அடக்கம் நடக்கும் மையவாடிக்குள் பெண்கள் போவதில்லை. நான் தாழ்ந்த மதிலுக்கு வெளியே நின்றேன். அப்பா நேராக ரிஸ்வானிடம் போனார்.

"தம்பி, ஒங்க வாப்பா சொன்னது சரிங்க. வெடிப்பு இருந்துச்சு. நான் பாத்தேன்."

"எப்ப?"

"ஒடைக்கிற அன்னிக்கி."

"அண்டையிலருந்து வாயத் தொறக்கல்லயா நீங்க?"

ரிஸ்வான் அப்பாவின் சட்டையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார். பொத்தான்கள் தெறித்தன. அப்பா கையை உயர்த்தவில்லை. பின்னாலிருந்து ஒருவர், "மையத்த வச்சிக்கிட்டு வாணாம் மகன்" என்றார். ரிஸ்வான் பிடியை விட்டார். மண்ணில் குத்தி நின்ற மண்வெட்டியை உருவி அப்பாவின் நெஞ்சில் தள்ளினார்.

"அடிச்ச கைதானே. மண்ணப் போடுங்க."

அப்பா போட்டார். மற்றவர்கள் மூன்று பிடி போட்டு விலகிய பிறகும் போட்டார். கிழிந்த சட்டை காற்றில் அடித்தது. போதும் என்று சொல்லியும் நிறுத்தவில்லை. இரண்டு பேர் சேர்ந்து மண்வெட்டியை வாங்கினார்கள்.

உங்களைப் பைத்தியமாக்கிய காணொளியை எடுத்தவள் இதை எழுதுகிறேன், ஜவ்பர் நானா. அன்று உங்களை ஏற்றிய பொலிஸ் வாகனம் புழுதியோடு போனது. நாங்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு விமானத்திலிருந்து இறங்கினோம். பொழுது வீணானதென்று உங்களைத் திட்டினோம். எங்களில் ஒருவரும் குறையாமல், மாலைக்குள் வீடு போய்ச் சேர்ந்தோம்.